செரெங்கெட்டியில் பன்னிரண்டு மணி நேரம்

தான்சானியாவில் வண்டி ஓட்டுபவர், "நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பலாம்" என்று சுவாகிலியில் சொன்னால் புதிதாக வந்தவர் நடுப்பகல் என்று நினைத்துக்கொள்வார். அவர் சொன்னது விடியற்காலை ஆறு மணியை. சுவாகிலிக் கணக்கில் நாள் சூரியனோடு தொடங்குகிறது. நம் கைக்கடிகாரம் ஏழு காட்டும்போது அங்கே 'சா மோஜா', அதாவது மணி ஒன்று. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய தமிழ் மரபுக்கு இது அந்நியமான வழக்கமல்ல. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு இரண்டு, மூன்று பாகை தெற்கே கிடக்கும் செரெங்கெட்டியில் இந்தக் கணக்குக்குக் கூடுதல் பொருத்தம் உண்டு. அங்கே ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சம அளவு. சூரியன் எழும் நேரம் மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறுவதில்லை. புல்வெளியின் உயிர்களும் அதே கணக்கில்தான் எழுந்து, படுத்து, வேட்டையாடி, தண்ணீருக்கு வந்துபோகின்றன.

சுவாகிலியில் 'சஃபாரி' என்றால் வெறுமனே பயணம். அரபியின் 'சஃபர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. இன்று உலகம் முழுக்க அது விலங்குகளைப் பார்க்கப் போவதையே குறிக்கிறது. அந்தப் பொருளுக்கு ஒரு தலைநகர் சொல்லச் சொன்னால் பலரும் செரெங்கெட்டியைத்தான் சொல்வார்கள். 1951இல் அமைந்த தேசியப் பூங்கா. பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். மாசாய் மக்களின் மொழியில் 'சிரிங்கெட்' என்றால் முடிவில்லாமல் நீளும் வெளி. அதன் நடுவே செரோனேரா ஆற்றுப் பள்ளத்தாக்கு. கோடையிலும் அங்கங்கே தண்ணீர் நிற்பதால் எந்த மாதம் போனாலும் அங்கே விலங்குகளைப் பார்க்கலாம்.

இருட்டிய பிறகு பூங்காவுக்குள் சுற்றுலா வண்டிகள் திரியப் பொதுவாக அனுமதி இல்லை. ஆகவே பயணிக்குக் கிடைப்பது அந்தப் பகல் பன்னிரண்டு மணி நேரம் மட்டுமே. அதற்குள் எது எப்போது கண்ணில் படும் என்பதை வெயில் தீர்மானிக்கிறது. கண்ணில் படாதது மிச்சமிருக்கும் பன்னிரண்டு மணி நேரத்தில் நடக்கிறது. இந்த உண்மையைக் கவனிக்காமல் போனதால் விலங்கியலாளர்களே நெடுங்காலம் ஒரு விலங்கைத் தவறாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

*

விடியலில் செரெங்கெட்டி குளிரும். ஆப்பிரிக்கா என்றாலே கொதிக்கும் என்று எண்ணி மெல்லிய சட்டையோடு வருபவர்கள் திறந்த கூரைக்குக் கீழே நடுங்கி நிற்பார்கள். செரோனேரா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஏற்காட்டின் உயரம்.

அந்தக் குளிரில் முதலில் கிடைப்பது காட்சி அல்ல, ஓசை. சிங்கத்தின் கர்ஜனை அமைதியான காற்றில் எட்டு கிலோமீட்டர் வரைகூடக் கேட்கும். எங்கள் எல்லை இது, இத்தனை பேர் இருக்கிறோம் என்ற அறிவிப்பு அது. 'இத்தனை பேர்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கேரன் மெக்கோம்ப், கிரெய்க் பாக்கர், ஆன் பியூசி ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், செரெங்கெட்டிப் பகுதியின் பெண் சிங்கங்களுக்கு அறிமுகமில்லாத சிங்கங்களின் கர்ஜனையை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். ஒரே ஒரு அந்நியக் குரல் கேட்டபோது கூட்டம் துணிந்து அதை நோக்கிப் போனது. மூன்று குரல்கள் சேர்ந்து கேட்டபோது தயங்கியது. தங்கள் பக்கம் ஆள்பலம் கூடுதலாக இருந்தால் மட்டும் முன்னேறியது. சிங்கங்கள் எதிரியின் எண்ணிக்கையைத் தங்கள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கின்றன.

சத்தம் வந்த திசையில் வண்டி போகிறது. அங்கே அந்தப் பழைய காட்சி காத்திருக்கும். செத்த வில்டபீஸ்ட் ஒன்றின்மேல் சிங்கங்கள் முகமெல்லாம் ரத்தமாகக் குனிந்திருக்கும். (மாட்டுத் தலையும் குதிரை வாலும் கொண்டதுபோல் தோன்றும் பெரிய மறிமான்தான் வில்டபீஸ்ட்.) முப்பது நாற்பதடி தள்ளி நாலைந்து கழுதைப்புலிகள், ஒன்று உட்கார்ந்து, ஒன்று நடந்து, சிங்கம் எப்போது எழும் என்று பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் மனம் கதை கட்டிவிடுகிறது. சிங்கம் வேட்டையாடியது, கழுதைப்புலி எச்சிலுக்குக் காத்திருக்கிறது. நூறாண்டுகளாக வேட்டைக்காரர்களும் பயணிகளும் புத்தகங்களில் எழுதிவைத்தது இதைத்தான்.

1964இல் செரெங்கெட்டிக்கு வந்த ஹான்ஸ் க்ரூக் என்ற டச்சு விலங்கியலாளர் ஓர் எளிய காரியத்தைச் செய்தார். கழுதைப்புலிகளை இரவில் பின்தொடர்ந்தார். நிலா வெளிச்சத்தில், விளக்குப் போடாமல், வண்டியில். செரெங்கெட்டியிலும் பக்கத்து ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்திலும் பல ஆண்டுகள் இப்படித் திரிந்து அவர் கண்டது வேறு கதை. கழுதைப்புலிகள் தாங்கள் தின்பதில் பெரும்பகுதியைத் தாங்களே கூட்டாக விரட்டிக் கொல்கின்றன. அவை இரையைச் சுற்றி எழுப்பும் கூச்சலைக் கேட்டுச் சிங்கங்கள் வருகின்றன, துரத்திவிட்டு உட்கார்ந்துகொள்கின்றன. ங்கோரோங்கோரோவில் சிங்கம் கழுதைப்புலியிடம் பறித்துத் தின்பதே மிகுதி. வேட்டையின் முதல் பாகம் இருட்டில் முடிந்துவிடுகிறது. விடிந்ததும் வருபவர்கள் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு முழுக்கதையும் தெரிந்ததாக நினைக்கிறார்கள். 1972இல் வெளிவந்த க்ரூக்கின் நூல் இதை மாற்றி எழுதியது. இன்று ஆப்பிரிக்காவில் பல இடங்களில் சிங்கங்களைக் கணக்கெடுப்பவர்கள், இரையைச் சுற்றிக் கழுதைப்புலிகள் கத்தும் ஒலியைப் பதிவுசெய்து ஒலிக்கிறார்கள். சிங்கங்கள் வந்துசேர்கின்றன.

சுவாகிலியில் கழுதைப்புலிக்கு 'ஃபிசி' என்று பெயர். அதன்மேல் சுமத்தப்பட்ட கோழை, திருடன் என்ற பட்டங்களைப் பல பயணிகள் இன்னமும் மனத்தில் சுமந்துகொண்டே வருகிறார்கள். பெண்கள் ஆளும், ஒருவரையொருவர் குரலால் அடையாளம் காணும் சமூகம் அது. ஒரு காலை நேரத்தை அதற்கென்றே ஒதுக்கிப் பார்க்கத் தகுந்த விலங்கு.

*

எட்டரை, ஒன்பது மணி வரை வானம் வெறுமையாக இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகப் பாறுகள் எழும்பும். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்கிற பறவைகள்தான். ஏழு கிலோவுக்கும் மேல் எடையுள்ள ருப்பெல் பாறு சிறகடித்தே உயர்ந்து நாள் முழுக்கத் தேட முற்பட்டால் களைத்துப்போகும். தரை சூடாகி, வெந்த காற்று தூணாக மேலெழும்வரை அது காத்திருக்கிறது. அந்தத் தூணுக்குள் வட்டமிட்டு இலவசமாக உயர்கிறது, உச்சியிலிருந்து அடுத்த தூணை நோக்கிச் சறுக்குகிறது. காலின் பென்னிகுயிக் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1970களில் செரெங்கெட்டியின் மேலே மோட்டார் பொருத்திய சறுக்கு விமானத்தில் பாறுகளோடு சேர்ந்து பறந்தே இந்தக் கணக்கைப் படித்தார். 1973இல் ஐவரி கோஸ்ட்டுக்கு மேலே ஒரு ருப்பெல் பாறு விமானத்தில் மோதியபோது உயரம் சுமார் 11,300 மீட்டர். பறவை ஒன்று அவ்வளவு உயரத்தில் இருந்ததாக வேறு பதிவு இல்லை.

ஒரு பாறு இறங்கினால் பல கிலோமீட்டர் தொலைவில் வட்டமிடும் மற்றொன்று அதைக் கவனிக்கிறது, அதைப் பார்த்து இன்னொன்று. வண்டி ஓட்டுபவர்களும் அதே வானத்தைத்தான் பார்த்து ஓட்டுகிறார்கள். துயரம் என்னவென்றால், காட்டுக் காவலர்களும் அதைப் பார்ப்பார்கள் என்பதைத் தந்தத்துக்காக யானையைக் கொல்பவர்கள் அறிவார்கள். பாறுகள் வட்டமிட்டுக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, பிணத்தில் நஞ்சு தடவுகிறார்கள். 2019இல் போட்ஸ்வானாவில் அப்படி நஞ்சூட்டப்பட்ட மூன்று யானைகளின் உடல்களைத் தின்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாறுகள் ஒரே சம்பவத்தில் மாண்டன. இந்தியாவில் மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து பாறுகளை அழித்ததும், நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியவற்றைக் காக்க இன்றும் பாடுபடுவதும் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். காரணம் வேறு, காலியாகும் வானம் ஒன்றுதான்.

*

காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் சிங்கங்கள் நிழலுக்குப் போய்விடுகின்றன. அப்போது ஒரு கரையான் புற்றின்மேல் மெலிந்த உருவம் ஒன்று நிமிர்ந்து நின்று சுற்றிப் பார்க்கும். அதை என்ன பெயரால் அழைப்பது என்பதிலேயே தமிழில் குழப்பம். செய்தித்தாள்கள் அதையும் சிறுத்தை என்கின்றன, மரத்தில் ஏறும் புள்ளிப் புலியையும் சிறுத்தை என்கின்றன. ஆனால் நம்மிடம் நல்ல பழைய சொல் இருக்கிறது: சிவிங்கி. ஒட்டகத்தின் கழுத்தும் சிவிங்கியின் புள்ளியும் சேர்ந்த விலங்கை ஒட்டகச்சிவிங்கி என்று சொல்லும்போது நாம் தினமும் அந்தச் சொல்லைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம்.

சிவிங்கி பகலில் வேட்டையாடுவதற்குக் காரணம் பயம். சிங்கமும் கழுதைப்புலியும் அதன் இரையைப் பறிக்கும், குட்டிகளைக் கொல்லும். அவை படுத்திருக்கும் நேரம்தான் இதற்கு வாய்ப்பு. அப்படியானால் வெயில் அதை வாட்டாதா? 1973இல் டெய்லர், ரவுன்ட்ரீ என்ற இரு ஆய்வாளர்கள் ஓடும் பட்டையின்மேல் சிவிங்கிகளை ஓடவைத்தார்கள். உடல்வெப்பம் 40.5 டிகிரியைத் தொட்டதும் அவை ஓட மறுத்தன. அதிலிருந்து, சிவிங்கி துரத்தலைப் பாதியில் விடுவது உடல் கொதித்துப்போவதால்தான் என்ற விளக்கம் பாடநூல்களிலும் தொலைக்காட்சிப் படங்களிலும் நிலைத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், ராபின் ஹெட்டம் குழுவினர் நமீபியாவில் சிவிங்கிகளின் உடலுக்குள் சிறு உணரிகளைப் பொருத்தி நிஜ வேட்டைகளை அளந்தார்கள். துரத்தி முடித்த கணத்தில் உடல்வெப்பம் சுமார் 38.4 டிகிரிதான். தோற்ற வேட்டையிலும் ஜெயித்த வேட்டையிலும் வித்தியாசம் இல்லை. வெப்பம் ஏறியது அதற்குப் பிறகு, அதுவும் இரை சிக்கிய வேட்டைகளில் அதிகமாக. கொன்ற இரையின் பக்கத்தில் மூச்சு வாங்கியபடி, பறிக்க யாராவது வருகிறார்களா என்று பதறி நிற்கும் அந்த நிமிடங்களின் மனஅழுத்தமே அதைச் சூடாக்குகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

வேகத்தைப் பற்றியும் ஒரு திருத்தம் உண்டு. போட்ஸ்வானாவில் சிவிங்கிகளின் கழுத்துப் பட்டையில் கருவி பொருத்தி 367 ஓட்டங்களைப் பதிவுசெய்த குழு, உச்சமாக மணிக்கு 93 கிலோமீட்டரை அளந்தது. ஆனால் ஓட்டங்களின் உச்ச வேகச் சராசரி 54 கிலோமீட்டர்தான். முக்கியமானது சட்டென்று முடுக்குவதும், அதே சட்டென்று வேகம் குறைத்துத் திரும்புவதும். நான்கில் ஒன்றுதான் பலித்தது.

இந்த விலங்கைத்தான் வண்டிகள் சூழ்ந்துகொள்கின்றன. ஒரு வண்டி கண்டால் வானொலியில் சுவாகிலியில் தகவல் பறக்கும். 'டூமா' என்றால் சிவிங்கி. கால் மணி நேரத்தில் பத்து, பதினைந்து வண்டிகள் வந்துவிடும். செரெங்கெட்டியின் வடக்கே, எல்லைக்கு அப்பால், கென்யாவின் மாசாய் மாராவில் ஃபெம்கே புரூக்ஹுயிஸ் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. சுற்றுலா குறைவான பகுதிகளில் தாய்ச் சிவிங்கிகள் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்கின. வண்டிகள் மிகுந்த பகுதிகளில் அந்தச் சராசரி 0.2. கேமராவோடு கூரைவழி எட்டிப்பார்க்கும் யாருக்கும் இந்த இரண்டு எண்களையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேட்டைக்குப் பதுங்கும் தாயின் முன்னால் வண்டியை நிறுத்தாதே, இன்னும் கிட்டே போகச் சொல்லி ஓட்டுநரை நச்சரிக்காதே என்ற விதிகள் வெறும் மரியாதைக்காக ஏற்பட்டவை அல்ல. அந்தப் படத்துக்கான விலையைக் குட்டிகள் கொடுக்கின்றன.

*

சுவாகிலி மணி ஆறு. சூரியன் தலைக்கு நேர் மேலே.

குடைபோல் விரிந்த வேலமரத்தின் கீழே வண்டி நிற்க, பயணிகள் உணவுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் செம்மண்ணில் குடை பிடித்து நிற்கும் உடைமரத்துக்கு இந்த மரம் நெருங்கிய உறவு. பலர் இந்த உச்சிவேளையை வீண் என்று நினைத்துத் தூங்கிவிடுவார்கள். உண்மையில் புல்வெளியின் உடலியல் முழுவதும் திறந்து கிடப்பது இந்த நேரத்தில்தான்.

தொலைவில் யானைகள் காதை விசிறுகின்றன. காதின் பின்புறத்து ரத்தக்குழாய்கள் வழியே ஓடும் சூடான ரத்தம் அந்த விசிறலில் குளிர்ந்து உடலுக்குத் திரும்புகிறது. யானைக்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் தோலில் தெரியும் நுண்ணிய வெடிப்புகள் அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. ஜெனீவாவில் மிஷேல் மிலின்கோவிச்சின் குழு 2018இல் காட்டியபடி, வழவழப்பான தோலில் நிற்பதைவிட ஐந்து முதல் பத்து மடங்கு நீரை இந்த வெடிப்புகள் பிடித்துவைக்கும். சேற்றில் புரண்டு எழுந்த யானை பல மணி நேரத்துக்குக் குளிர்ச்சியைச் சுமந்துகொண்டு நடக்கிறது.

நீர்யானைகள் பகலெல்லாம் குளத்தில் முட்டிமோதிக் கிடக்கின்றன. கரையேறினால் அவற்றின் தோலில் சிவந்த கசிவு ஒன்று சுரக்கும். ரத்தவியர்வை என்று முன்னோர் எண்ணியது ரத்தமும் அல்ல, வியர்வையும் அல்ல. ஜப்பானிய வேதியியலாளர்கள் 2004இல் அதிலிருந்த நிறமிகளைப் பிரித்தெடுத்தார்கள். ஒன்று வெயிலின் புறஊதாக் கதிரை உறிஞ்சுகிறது, பாக்டீரியா வளர்வதையும் தடுக்கிறது. சண்டையில் கிழிந்த தோலோடு சாணம் கலந்த நீரில் கிடக்கும் விலங்குக்கு இதைவிடத் தேவையானது என்ன இருக்க முடியும்?

ஆண் சிங்கம் பாறையின் நிழலில் வாய்திறந்து மூச்சிரைக்கும். நாளில் சுமார் இருபது மணி நேரத்தை அது இப்படித்தான் கழிக்கிறது. அதன் பிடரி எவ்வளவு கருப்போ அவ்வளவு சூடு. பெய்டன் வெஸ்ட்டும் கிரெய்க் பாக்கரும் வெவ்வேறு பிடரி மாட்டிய, நிஜ அளவிலான பொம்மைச் சிங்கங்களைச் செரெங்கெட்டியில் நிறுத்திப் பார்த்தார்கள். பெண் சிங்கங்கள் கரும்பிடரியை நாடின. ஆண்கள் அதைத் தவிர்த்து வெளிறிய பிடரிக்காரனிடம் போயின. வெப்பப்படக் கருவியோ கரும்பிடரிச் சிங்கங்களின் உடல் கூடுதலாகச் சூடேறுவதைக் காட்டியது. இந்தச் சுமையையும் தாங்கி நன்றாக இருக்கிறேன் என்பதே அந்தக் கருப்பின் விளம்பரம்.

வரிக்குதிரையின் வரி எதற்கு என்ற பழைய கேள்விக்கும் இந்த உச்சிவெயில் நேரத்தில் விடை பறந்துகொண்டிருக்கிறது. டிம் காரோவின் குழு 2019இல் சாதாரணக் குதிரைகளுக்கு வெள்ளை, கருப்பு, வரிபோட்ட துணிகளைப் போர்த்திப் பார்த்தது. குதிரை ஈக்கள் எல்லாத் துணிகளையும் நோக்கி வந்தன. வரித்துணியை நெருங்கியபோது மட்டும் வேகத்தைக் குறைத்து இறங்கத் தெரியாமல் மோதின அல்லது கடந்துபோயின. நோய் பரப்பும் ஈக்கள் மலிந்த கண்டத்தில், மெல்லிய மயிர்கொண்ட விலங்குக்கு அது பெரிய காப்பு. பயணிகளை நீலமும் கருப்பும் உடுத்த வேண்டாம் என்று வழிகாட்டிகள் எச்சரிப்பதும் செட்சி ஈக்காகத்தான். அந்த இரு நிறங்கள் அதை இழுக்கும். மரங்கள் அடர்ந்த பகுதிகளில் நீலமும் கருப்புமான துணிகளை நஞ்சு தோய்த்துத் தொங்கவிட்டிருப்பதைக் காணலாம்.

வெயிலிலேயே நிற்கும் வில்டபீஸ்ட்டுக்குள் நடப்பது இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது. அதன் மூளையின் அடியில் தமனி நூலாகப் பிரிந்து ஒரு வலை பின்னியிருக்கிறது. மூக்கில் குளிர்ந்து திரும்பும் ரத்தம் அந்த வலையைச் சூழ்ந்து ஓடுவதால் மூளைக்குப் போகும் ரத்தம் குளிர்கிறது. துரத்தப்படும்போது மூளை வெந்துவிடாமல் காக்கவே இந்த ஏற்பாடு என்று நெடுநாள் நம்பினார்கள். டங்கன் மிட்செல் இடம்பெற்ற குழு தென்னாப்பிரிக்காவில் திறந்தவெளியில் திரிந்த கரு வில்டபீஸ்ட்டுகளில் அளந்தபோது முடிவு தலைகீழாக இருந்தது. ஓடும்போது இந்தக் குளிரூட்டல் நின்றுபோகிறது. அமைதியாக வெயிலில் நிற்கும்போதுதான் இயங்குகிறது. மூளையில் இருக்கும் வெப்பமானி குளிர்ச்சியை உணர்வதால் உடல் குறைவாக வியர்க்கிறது, குறைவாக மூச்சிரைக்கிறது. மிச்சமாவது தண்ணீர்.

*

மதியச் சாப்பாட்டு வேளையில் கண்ணெதிரே பரந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து, இது ஆதிகாலம் தொட்டு இப்படியே இருந்துவருகிறது என்று தோன்றும். இன்று செரெங்கெட்டியில் ஏறத்தாழ 13 லட்சம் வில்டபீஸ்ட்டுகள். 1961இல் அவை சுமார் இரண்டரை லட்சம் மட்டுமே. இடையில் நடந்தது ஒரு நோயின் வெளியேற்றம். தமிழ்நாட்டு உழவர்கள் வெக்கை நோய் என்றழைத்த கால்நடைக் கொள்ளைநோய் 1890 வாக்கில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து மாசாய்களின் மாடுகளையும், எருமை, வில்டபீஸ்ட் கூட்டங்களையும் சாய்த்தது. மாடுகள் போனதால் மனிதர்கள் பட்டினியால் மாண்டார்கள். பூங்காவைச் சுற்றியிருந்த நாட்டு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் 1963 வாக்கில் காட்டு விலங்குகளிடமிருந்தும் நோய் மறைந்துபோனது. நோயை இடைவிடாமல் காட்டுக்குள் கொண்டுசேர்த்தவை மாடுகள்தான் என்பது அப்போது உறுதியானது. கன்றுகள் பிழைத்தன. 1977க்குள் எண்ணிக்கை ஐந்து மடங்கானது. பெருகிய வாய்கள் புல்லை மேய்ந்து தீர்த்தன. எரியப் புல் குறைந்ததால் காட்டுத்தீ சுருங்கியது. தீயில் கருகிக்கொண்டிருந்த மரக்கன்றுகள் தலையெடுத்தன. பயணி நிழலுக்கு ஒதுங்கியிருக்கும் மரம்கூட அந்தத் தடுப்பூசியின் பின்விளைவாக இருக்கலாம். 2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அது.

*

நாலு மணிக்கு மேல் நிழல்கள் நீளும்போது வண்டிகள் மறுபடி புறப்படும். செரோனேரா ஆற்றோரம் சுரைக்காய் போன்ற நீண்ட காய்கள் கயிற்றில் தொங்கும் மரங்கள் நிற்கின்றன. சென்னையின் பழைய தோட்டங்கள் சிலவற்றிலும் இந்த மரத்தைப் பார்க்கலாம். அதன் கிடைக்கொம்பில் நாலு கால்களையும் தொங்கவிட்டுச் சிறுத்தை படுத்திருப்பதுண்டு. இரையை மரத்தில் ஏற்றி வைப்பதும் மறுபடி அதே பயத்தால்தான்: கீழே விட்டால் சிங்கமோ கழுதைப்புலியோ கொண்டுபோய்விடும்.

இங்கே வண்டிகள் கூடும்போது பயணிகள் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பார்கள். அதற்கு வலுவான சான்று இருக்கிறது. லியானா ஜானெட்டின் குழு தென்னாப்பிரிக்காவின் குரூகர் பகுதியில், நீர்நிலைகளின் ஓரம் தானியங்கிக் கேமராவும் ஒலிபெருக்கியும் வைத்து, விலங்குகளுக்குப் பலவித ஒலிகளைக் கேட்கவைத்தது. சிங்கத்தின் உறுமல், துப்பாக்கிச் சத்தம், நாய்க்குரைப்பு, மனிதர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் குரல். 2023இல் வந்த முடிவு இது: சிங்கத்தைவிட மனிதக் குரலுக்கு விலங்குகள் இரு மடங்கு அதிகமாக ஓடின, நீர்நிலையை விட்டு 40 சதவீதம் விரைவாக அகன்றன. ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, காண்டாமிருகம், யானை, சிறுத்தை எல்லாம் இதில் அடக்கம். யானைகள் இன்னும் நுட்பமானவை. கென்யாவின் அம்போசெலியில் நடந்த சோதனையில், தங்களோடு மோதிப் பழகிய மாசாய் ஆண்களின் குரலையும் கம்பா ஆண்களின் குரலையும் யானைகள் வேறுபடுத்தின. மாசாய் ஆண் பேசினால் நெருங்கிக் கூடி ஒதுங்கின. மாசாய்ப் பெண்ணோ சிறுவனோ அதே வாக்கியத்தைச் சொன்னபோது அவ்வளவாகக் கலங்கவில்லை.

*

இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். கேமராக்கள் உறைக்குள் போகும் இந்த நேரத்தில்தான் வெளி விழிக்கிறது.

சூரியன் இறங்கியதும் தரை வேகமாகக் குளிர, அதன்மேல் சற்றே சூடான காற்று மூடிபோல் படிகிறது. யானைகள் எழுப்பும் மிகத் தாழ்ந்த ஒலி அந்த மூடியில் பட்டு மடங்கித் தரையோடு தவழ்ந்து செல்கிறது. மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலிகளை 1984இல் முதலில் உணர்ந்தவர் கேட்டி பெய்ன். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளின் பக்கத்தில் நின்றபோது காற்றில் ஏதோ அதிர்வதை அவர் உடலால் உணர்ந்தார். நமீபியாவின் எட்டோஷாவில் காற்றையும் வெப்பத்தையும் அளந்த மைக்கேல் கார்ஸ்டாங் குழுவின் கணக்குப்படி, மாலையில் ஒரு யானையின் அழைப்பு சுமார் பத்து கிலோமீட்டர் வரை போகும். நடுப்பகலில் அதில் ஒரு சிறு பங்குதான். யானைகளின் உரத்த உரையாடல்கள் சூரியன் மறைந்த ஓரிரு மணி நேரத்தில் கூடுவது இதனால்தான்.

சிங்கங்களுக்கு நிலவு இடைஞ்சல். பௌர்ணமி இரவுகளில் அவற்றின் வயிறு ஒட்டிப்போகிறது. தென்கிழக்குத் தான்சானியாவில் இரண்டு பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமத்தவர் சிங்கத்தால் தாக்கப்பட்ட பதிவுகளைப் பாக்கர் குழு ஆராய்ந்தபோது, பௌர்ணமிக்கு அடுத்து வரும் நாட்களில், நிலா எழ நேரமாகும் அந்த இருண்ட முன்னிரவில், தாக்குதல்கள் மிகுந்தன. பசித்த சிங்கம், இருட்டு, வீடு திரும்பும் மனிதர்கள். முழுநிலவைக் கண்டு அஞ்சும் பழங்கதைகளுக்குள் இப்படியொரு அனுபவம் புதைந்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

யானைகள் எப்போதுதான் தூங்கும்? போட்ஸ்வானாவின் சோபேயில் இரண்டு தலைமைப் பெண் யானைகளின் துதிக்கையில் அசைவுமானி பொருத்திப் பார்த்த பால் மாங்கரின் குழு 2017இல் சொன்ன விடை: நாளுக்குச் சராசரியாக இரண்டு மணி நேரம், பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன். சில நாட்களில் 46 மணி நேரம்வரை தூங்காமலே நடந்தன.

இதையெல்லாம் இப்போது செரெங்கெட்டியில் யாரும் தூக்கம்விட்டுக் காவல்காக்க வேண்டியதில்லை. 2010 முதல் 225 தானியங்கிக் கேமராக்கள் சிங்க ஆய்வுப் பகுதியில் இரவும் பகலும் கண்விழித்திருந்தன. முதல் மூன்றாண்டுகளில் சேர்ந்த 12 லட்சம் படத்தொகுப்புகளை உலகெங்குமிருந்து 28,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இணையத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து அடையாளம் குறித்தார்கள். விலங்கு இருந்தவை சுமார் 3.2 லட்சம். மற்றவற்றில் காற்றில் அசைந்த புல்லும், நகர்ந்த நிழலும்தான்.

முகாமில் விளக்கணைந்த பிறகு, கூடாரத் துணிக்கு அப்பால் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு குரல் எழும். தாழத் தொடங்கி, வளைந்து மேலேறி, உச்சியில் நின்றுவிடும் 'ஊ…ப்'. வடக்கிலிருந்து இன்னொன்று அதற்குப் பதில் சொல்லும். கழுதைப்புலிகள் ஒன்றையொன்று அழைக்கின்றன. சிறிது நேரத்தில் குரல்கள் ஓரிடத்தில் குவியும், கூச்சலாகும், சிரிப்பொலி போலச் சிதறும். எதுவோ விழுந்திருக்கிறது. பிறகு அந்தக் கூச்சலுக்கு மேலாக ஒரு சிங்கத்தின் உறுமல் கேட்கும். விடிந்து பன்னிரண்டு மணிக்கு முதல் வண்டி அந்தத் திசையில்தான் போகும்.